பூட்டு இல்லாத எலி

"இன்னா கண்ணு, அந்த எலிக்கு மண்டையில இன்னாவோ இல்லன்னியே, அது இன்னாது?"

சோற்றைப் பிசைந்தபடி இருந்த மதிக்குத் திக்கென்றது. நேற்றும் அப்பா இதையேதான் கேட்டார். முந்தாநாளும்.

"பூட்டு நைனா. கஞ்சாவுல கீற மாதிரியே ஒரு சாவிய நம்ம ஒடம்பும் செய்யுது. அதுக்கான பூட்டு மூளையில கீது, எலும்புல கீது, தோல்லகூட கீது. வயசாவ ஆவ அந்தப் பூட்டு கொறைஞ்சிகினே வரும். பொறக்கும்போதே பூட்டு இல்லாத எலி சீக்கிரமே கெழடாயிடும். பழகின வழியே மறந்துடும்..."

சொல்லச் சொல்ல, தட்டிலிருந்த சோறு அவளை அறியாமலே காலியானது. அப்பா லட்சுமணன் இன்றுதான் முதன்முதலாகக் கேட்பவர்போல வாயைப் பிளந்து கேட்டார்.

அண்ணன் நிலவன் அவளைத் தனியே கூப்பிட்டான். "எலி மறதியெல்லாம் பாக்குற, நைனா மறதி தெரீலயா உனுக்கு? நாளைக்கு டாக்டராண்ட டோக்கன் போட்டுட்டேன்."

மதிக்கு நிச்சயதார்த்த நாள் நினைவுக்கு வந்தது. 'பொண்ணு கஞ்சா ஆராய்ச்சி பண்ணுதாமே' என்று மாப்பிள்ளை வீட்டார் தட்டை மாற்றாமலே எழுந்து போனார்கள். அப்போதுகூட அப்பா இருக்கிறார் என்ற தைரியம் இருந்தது. அவரே தன்னை மறந்துவிட்டால்?

மறுநாள் அவரை அழைத்துப்போக, கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டை ஒட்டிய டீக்கடைக்குப் போனாள். உள்ளே அப்பாவின் குரல் எகிறிக்கொண்டிருந்தது.

"கஞ்சா இல்ல பாய்! அது மாதிரி ஒரு சாவிய நம்ம ஒடம்பே செய்யுது. மூளை, எலும்பு, தோலு, எல்லாத்துலயும் அதுக்குப் பூட்டு கீது. எம்பொண்ணு அத்தத்தான் படிக்குது. கேக்குறவன்கிட்ட சொல்லு!"

ஒரு வார்த்தை பிசகவில்லை. மதி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

டீக்கடை அத்தாவுல்லா சிரித்தார். "இவ்ளோ கரீட்டா சொல்ற. அப்பால இன்னாத்துக்குப்பா தெனம் அந்தப் பொண்ணப் போட்டுக் கேக்குற?"

"கல்யாணம் நின்னதுலேர்ந்து அது வூட்ல வாயே தொறக்கல பாய். எலியப் பத்திக் கேட்டா மட்டுந்தான் பேசுது. பேசிகினே நாலு வாய் சோறும் துன்னுடுது."

மதி சத்தமில்லாமல் வீடு திரும்பினாள். நிலவனின் சட்டைப்பையிலிருந்து டோக்கனை எடுத்துக் கிழித்துப் போட்டாள்.

சாப்பாட்டு நேரம். அப்பா தொண்டையைக் கனைத்தார்.

"இன்னா கண்ணு, அந்த எலிக்கு மண்டையில..."

"அதுக்குள்ள மறந்துட்டியா நைனா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டை இழுத்தாள் மதி. "மொதல்லேர்ந்து சொல்றேன், கேட்டுக்கோ."