ஆறு குடையும் எட்டாயிரம் குடையும்

அறையில் இருந்தவர்கள்: முதலாளியம்மா, பங்குதாரரான அவருடைய அண்ணன், கணக்காளர், விற்பனை மேலாளர். வெளியே பெஞ்சில் கொள்முதல் அதிகாரி. அவருடைய வேலை தங்குமா போகுமா என்று முடிவு செய்யத்தான் கூட்டம்.

“ஆறே ஆறு குடையை விரிச்சுப் பார்த்துட்டு எட்டாயிரத்துக்கு ஆர்டர் குடுத்திருக்கார் மேடம்,” என்றார் விற்பனை மேலாளர். “இதை என்னன்னு சொல்றது?”

முதலாளியம்மா விஷயத்தைச் சுருக்கமாகத்தான் சொல்லியிருந்தார். மூன்று மாதம் முன்னால் ஒரு புதுத் தொழிற்சாலையில் குறைந்த விலைக்கு வாங்கிய குடைகள். சரக்கு நேராகத் துறைமுகக் கிளைக்குப் போனது. விற்றதில் பாதி, கம்பி ஒடிந்து திரும்பி வந்துவிட்டது. ஆனால் பின்னால் நடந்ததைப் பார்க்கக் கூடாது. கோப்பில் உள்ளதை மட்டும் படித்து, அன்று எடுத்த முடிவுக்குப் பத்துக்கு எத்தனை மார்க் என்று துண்டுக் காகிதத்தில் எழுத வேண்டும்.

தொழிற்சாலை தொடங்கி மூன்றே வருடம் என்ற வரியைக் கணக்காளர் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டார். அனுபவமில்லாத இடம் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடுமாம்.

“எனக்கு அன்னைக்கே தோணுச்சும்மா,” என்றார் அண்ணன். “நான்தான் வாயைத் திறக்கல.”

“நீ வாயைத் திறக்காத நாள் அது ஒண்ணுதாண்ணே.”

துண்டுக் காகிதங்கள் வந்தன. இரண்டு, மூன்று, இரண்டு.

அப்போது முதலாளியம்மாவின் போன் அடித்தது. வராந்தாவுக்குப் போய்ப் பேசிவிட்டுத் திரும்பினார். கிளையில் ஆட்கள் குழப்பிவிட்டார்களாம். ஒடிந்தது வேறு பழைய சரக்கு. இந்தக் குடைகள் ஒன்று விடாமல் விற்றுவிட்டன; கடைக்காரர்கள் இன்னும் கேட்கிறார்களாம்.

கணக்காளர் தொண்டையைச் செருமினார். தன் காகிதத்தைத் திரும்பத் தர முடியுமா என்று கேட்டார்.

“நடந்ததைப் பார்க்க வேண்டாம்னுதானே சொன்னேன்?”

“அதைப் பார்க்கல மேடம். கோப்பைத்தான் இன்னொரு தடவை பார்க்கறேன்.”

முதலாளியம்மா மறுபேச்சில்லாமல் புதுக் காகிதங்களை நீட்டினார்.

அதே கோப்பு, அதே பக்கங்கள். ஆறு குடையையும் பெரிய மின்விசிறிக்கு முன்னால் வைத்து, ஒவ்வொன்றையும் இருநூறு தடவை விரித்து மடக்கியிருக்கிறார், இவ்வளவு பொறுமை யாருக்கு வரும் என்றார் விற்பனை மேலாளர். மூன்று வருடத் தொழிற்சாலை என்றால் இயந்திரமெல்லாம் புதுசு என்று கணக்காளர் கண்டுபிடித்தார். அண்ணனுக்கு இதுவும் அன்றைக்கே தோன்றியிருந்தது.

எட்டு, ஒன்பது, ஒன்பது.

முதலாளியம்மா ஆறு காகிதங்களையும் இரண்டு வரிசையாக அடுக்கினார். புது வகைப் பூச்சியைப் பார்ப்பவர்போல் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“போன வருஷம் இதே மேஜையில ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பினோம். நீங்க மூணு பேரும் ரெண்டு போட்டீங்க. நானும் ரெண்டுதான் போட்டேன். எதைப் பார்த்துப் போட்டேன்னு இன்னிவரைக்கும் எனக்குப் புரியல.”

அவர் எழுந்து போய்க் கதவைத் திறந்து, கொள்முதல் அதிகாரியை உள்ளே கூப்பிட்டார்.

வந்தவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. “மேடம், அந்த எட்டாயிரம் குடையும் ஏத்தின கப்பல் நாளைக்குக் காலையிலதான் கரைக்கு வருதாம். பெட்டியைப் பிரிச்சாத்தான் சரக்கு எப்படின்னு தெரியும்.”

விற்பனை மேலாளர் கோப்பை மெல்ல மூடினார்.

“நீங்க உக்காருங்க. அடுத்த ஆர்டரைப் பேசுவோம்,” என்று அவரிடம் சொல்லிவிட்டு, முதலாளியம்மா மற்ற மூவருக்கும் கதவைக் காட்டினார்.

கடைசியாக எழுந்த அண்ணன் வாசலில் நின்று திரும்பினார். “அப்ப கப்பல் வரட்டும்மா. மார்க்கை அதுக்கப்புறம் போட்டுக்கலாம்.”

அவர் முதுகுக்குப் பின்னால் கதவைச் சாத்தி, முதலாளியம்மா சாவியைத் திருப்பினார்.