அவர்களே

முப்பது ஆண்டுகள் சீன ஞானி கன்பூசியஸைப் பாடம் நடத்தி ஓய்வு பெற்ற பேராசிரியர் தெய்வசிகாமணி, கட்சியின் நல்லாட்சிக் கருத்தரங்கில் மூன்று மணி நேரம் காத்திருந்த பிறகு மைக்கைப் பிடித்தார். அந்த ஞானியின் கருத்து ஒன்றே ஒன்றைச் சொல்லத்தான் வந்திருந்தார்: ஆளையும் பதவியையும் உரிய பெயரால் அழைக்காத நாட்டில் ஆட்சி தானாகவே கெடும். அதற்குள் ஒன்றியச் செயலாளர் ஒரு தாளை நீட்டினார்.

"மொதல்ல இவங்க பேரையெல்லாம் சொல்லிடுங்கய்யா. ஒருத்தர் விட்டுப்போனாலும் வம்பாயிடும்."

"எல்லாரையுமா?"

"நாப்பது பேர்தான்."

மணல் அள்ளியே ஆற்றைக் காலி செய்தவரை 'இயற்கையின் காவலர் அவர்களே' என்றார். மூன்று கட்சி மாறியவரைக் 'கொள்கைக் குன்றே' என்றார். பெயர் வந்ததும் ஒவ்வொருவராக எழுந்து கும்பிட்டார்கள். முதல் பெயருக்கு நாக்கு கூசியது, பத்தாவதற்குள் பழகிவிட்டது. கால் கடுத்தது. முடிந்தால் போதுமென்று தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் படித்துக்கொண்டே போனார். கடைசி வரியையும் அதே குரலில் படித்தார்.

"வாழும் கன்பூசியஸ், பேராசிரியர் தெய்வசிகாமணி அவர்களே!"

கூட்டம் கைதட்டியது. கும்பிடுவதற்கு யார் எழுந்திருக்கிறார்கள் என்று அவர் மேடையைத் திரும்பிப் பார்த்தார்.