விளக்குகள் பார்த்த திசை

"வானத்துலேர்ந்து ஓசியில வந்த கரண்டு சார். தாங்கல."

எலக்ட்ரீஷியன் தோட்டத்து விளக்கொன்றின் மூடியைத் திருகிக் கழற்றி என் மூக்கருகே நீட்டினார். உள்ளே கருகியிருந்தது. பிளாஸ்டிக் தீய்ந்த வாடை.

முந்தைய நாள் மாலை, மதில்சுவரை ஒட்டிய மரத்தில் இடி விழுந்தது. மரத்துக்குப் பெரிய சேதமில்லை. மண்ணுக்கடியில் ஓடிய வயருக்குள் மின்னல் புகுந்து, தோட்டத்து விளக்குகள் எல்லாவற்றையும் முடித்துவிட்டது.

முழங்கால் உயர விளக்குகள். அடியில் கூரான குச்சி. மண்ணில் குத்தி, தலையை வேண்டிய பக்கம் திருப்பிவிட்டால் போதும்.

"யாரு சார் இதை வெச்சது?" அவர் இடுப்பில் கையூன்றித் தோட்டத்தை அளந்தார். "ஒண்ணு நடைபாதையைப் பாக்குது. சரி. ஒண்ணு சுவத்தைப் பாக்குது. போகட்டும். இந்தா, இது உங்க பெட்ரூம் ஜன்னலையே பாக்குது. உளவு பாக்க வெச்ச மாதிரி!"

சிரித்தேன். சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிப்பது பழகிவிட்டது.

அந்த விளக்குக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு செடி உண்டு. இரவில் அதன் நிழல் ஜன்னல் வழியே ஏறி அறையின் கூரையில் விழும். காற்றடித்தால் அசையும். அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தால் எப்போதாவது தூக்கம் வரும்.

நேற்று கூரை இருட்டாக இருந்தது. நான் தூங்கவில்லை.

அதனால் அவர் வந்ததுமே சொல்லியிருந்தேன். உள்ளே கருகியதை மட்டும் மாற்றுங்கள். குச்சியைப் பிடுங்க வேண்டாம். தலையைத் திருப்ப வேண்டாம். எது எந்தப் பக்கம் பார்க்கிறதோ, அப்படியே இருக்கட்டும்.

"அதெல்லாம் பாத்துக்கலாம் சார். நீங்க உள்ள போய் மெயினை ஆஃப் பண்ணிட்டு அங்கயே நில்லுங்க. நான் சத்தம் குடுத்ததும் போடுங்க."

போய் நின்றேன்.

மெயின் சுவிட்சுக்கு எதிரே வெறும் சுவர். வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பதில் எனக்கு இப்போதெல்லாம் சிரமமில்லை. நேரம் போனது தெரியவில்லை. அவர் சத்தம் கொடுக்கவேயில்லை.

வெளியே வந்தேன்.

விளக்குகள் வாசற்படியில் கிடந்தன. எல்லாமே. விறகு அடுக்குவதுபோல அடுக்கியிருந்தார்.

"குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு விட்டுப்போச்சு சார். இப்படி உக்காந்து பாத்தா சடசடன்னு முடிஞ்சிடும்."

நான் தோட்டத்துக்குள் இறங்கினேன்.

இரவெல்லாம் பெய்த மழையில் மண் கூழாகியிருந்தது. குச்சிகள் நின்ற துளைகள் அதற்குள் மூடிக்கொண்டிருந்தன. செடிக்கருகே மண்டியிட்டு விரல்களால் துழாவினேன். இங்கே இருக்கலாம். அல்லது ஒரு சாண் தள்ளி. தொட்ட இடமெல்லாம் ஒரே மாதிரி குழைந்தது.

எழுந்திருக்கத் தோன்றவில்லை.

அவர் பின்னால் வந்து நின்றார். என் முகத்தில் எதையோ பார்த்திருக்க வேண்டும். 'சார்' போய் 'தம்பி' வந்தது.

"இதுக்குப் போயா தம்பி இப்படி உக்காந்துட்டீங்க? எந்திரிங்க மொதல்ல. வெச்சவங்களையே கேட்டா போச்சு. எது எங்க, எந்தப் பக்கம்னு அவங்களுக்கு அத்துப்படியா இருக்கும். நூல் பிசகாம அதே மாதிரி வெச்சுத் தரேன்."

விளக்குகளுக்கு மின்சாரம் தரும் இரும்புப் பெட்டி பக்கச்சுவரில் இருந்தது. இந்த வேலை செய்பவர்கள் பெட்டிக் கதவின் உட்புறம் தங்கள் எண்ணை எழுதிவைப்பது வழக்கம். அவர் கதவைத் திறந்தார். கண்ணைச் சுருக்கி, ஒவ்வோர் எண்ணாகப் படித்துத் தன் போனில் அழுத்தினார்.

நான் தடுத்திருக்கலாம்.

எங்கள் படுக்கையறைக்குள் போன் அடித்தது.

மருத்துவமனையில், என் மனைவியின் செருப்போடும் கைக்கடிகாரத்தோடும் ஒரு பையில் போட்டு என்னிடம் கொடுத்த போன். முதலில் அவளுடைய வாடிக்கையாளர்கள் அழைத்தார்கள். விஷயம் தெரிந்தபின் யாரும் அழைப்பதில்லை. நான் மட்டும் தினமும் சார்ஜ் போடுகிறேன். ஊரார் வீட்டுப் பெட்டிகளில் எழுதுவதுபோலவே சொந்த வீட்டுப் பெட்டியிலும் அவள் எண்ணை எழுதிவைத்திருக்கிறாள் என்பது அதுவரை எனக்கே தெரியாது.

"அட! வீட்டம்மாவா போட்டது?" அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். "நான் பாட்டுக்கு வாய்க்கு வந்ததைப் பேசிட்டு இருக்கேன். மொதல்லயே சொல்லக்கூடாதா தம்பி? கூப்பிடுங்க அவங்கள."

போன் அடித்து ஓய்ந்தது.

"வெளிய போயிருக்கா," என்றேன். "இப்ப வந்துடுவா."

சொல்வதற்குக் கொஞ்சமும் கஷ்டமாக இல்லை.

"அவ்வளவுதானே. வரட்டும்."

அவர் விளக்குகளை ஓரமாகத் தள்ளிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்தார். கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் எனக்கும் இடம் விட்டார்.

போய் உட்கார்ந்தேன். இருவரும் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தோம்.