அசைய விடுங்க

"நாலு பக்கமும் இப்படி இறுக்கிக் கட்டிப் போட்டா எப்படிங்க? கொஞ்சம் அசையவாவது விட வேண்டாமா?"

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து மகளின் குரல் வந்தது. பக்கத்து அறையில் தைத்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு, மிஷினை மிதித்த கால் அப்படியே நின்றது.

போன வாரம் பெட்டியோடு தனியாக வந்து இறங்கியவள். லீவு என்றாள், அதற்கு மேல் வாயைத் திறக்கவில்லை. தட்டில் போட்டதை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறாள். பட்டப்பகலில் போர்த்திக்கொண்டு படுக்கிறாள். என்னடி என்று கேட்டால் ஒன்றுமில்லை என்று சுவரைப் பார்க்கிறாள்.

அப்பாவிடம் சொன்னதற்கு, புருஷன் பொண்டாட்டி விஷயத்தில் மூக்கை நுழைக்காதே என்று செய்தித்தாளை விரித்துக்கொண்டார். அவருக்கென்ன. வேண்டாம் என்றவளை நச்சரித்து இந்தக் கல்யாணத்துக்குத் தலையாட்ட வைத்தது அம்மாதானே. இது முறிந்தால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது?

"கட்டிப் போட்டிருக்கிறதால உங்களுக்கு எல்லாம் நல்லா இருக்கிற மாதிரிதான் தெரியும். சுமையை வேற ஏத்திக்கிட்டே போறீங்க. நிஜத்துல இது தாங்காது. உடைஞ்சிடும்."

அதற்கு மேல் அம்மாவாலும் தாங்க முடியவில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு போய், மகள் கையிலிருந்த போனைப் பிடுங்கினாள்.

"மாப்பிள்ளை, என் பொண்ணு இங்கயே இருக்கட்டும். கட்டிப் போட்டு வைக்கிற வீட்டுக்கு அவளை அனுப்ப மாட்டேன்."



"இல்லீங்க அத்தை... நான் காலை மட்டும்தான் கட்டினேன்."

"காலையும் கட்டினீங்களா?"

மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வந்த நாளிலிருந்து அந்தச் சிரிப்பை அம்மா பார்க்கவில்லை. சிரித்து ஓய்ந்ததும் லேப்டாப்பை அம்மா பக்கம் திருப்பினாள்.

திரையில் கம்பிகளால் ஆன சட்டம் ஒன்று நான்கு கால்களில் நின்றது. ஒரு பொருளைச் செய்வதற்கு முன்பே கம்ப்யூட்டரில் அதன்மேல் சுமையை ஏற்றி, உடையுமா என்று பார்ப்பதுதான் இருவருக்கும் ஆபீசில் வேலை. மாப்பிள்ளை நான்கு கால்களையும் தரையோடு ஆணியடித்ததுபோல் கட்டிவிட்டாராம். வீட்டுத் தரையில் கால் வழுக்குமே, அதை யோசிக்கவில்லையாம். மகள் ஒரு காலை மட்டும் கட்டி, மற்ற மூன்றையும் தரையில் நகர விட்டாள். பச்சையாக இருந்த சட்டம், உடையப்போகும் இடத்தைக் காட்டுவதுபோல் மூலையில் சிவந்தது. குறுக்கே ஒரு கம்பி போட்டாள். மறுபடி பச்சை.

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும்.

"லீவுல வந்தும் ஆபீஸ் வேலையா? இந்த இத்தனூண்டு சாமானுக்கா இவ்வளவு சண்டை? அப்படி எத்தனை கிலோதான் தாங்கணுமாம்?"

"இது ஆபீஸ் வேலை இல்லம்மா, நம்ம வீட்டுக்கு" என்றாள் மகள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல். "படுத்திருக்கிற வரைக்கும் ஏழெட்டு கிலோ தாங்கினாப் போதும். உன் பேரனோ பேத்தியோ எழுந்து நின்னு, தொட்டிலைப் பிடிச்சுக்கிட்டுக் குதிக்கிறப்பதான் என்ன ஆகும்னு தெரியல."