மழைக்கு மட்டும் மக்கர்

"மழ வந்தாலே இந்த லாரிக்கு என்னடி வந்துருது? கொரோய்கோ ஊருல நாம ஏத்த வேண்டிய ஆரஞ்சு அழுகுது!" ஸ்டியரிங்கைக் குத்தினான் ருஃபினோ.

அவன் மனைவி யோலாதான் மெக்கானிக். இன்ஜினுக்குள் தலையை விட்டிருந்தாள். "பேட்டரி நல்லாருக்கு, டீசலும் வருது. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாக்காம விடமாட்டேன்."

"பூமித்தாயிக்குச் சாராயம்கூட ஊத்திட்டேன். வேற ஆளக் கூப்பிடவா?"

"என் வண்டியில எவனும் கை வைக்கக் கூடாது!"

"சரி, அந்தக் கோகா இலைப் பையக் குடு. அதையாவது மென்னுக்கிட்டு இருக்கேன்."

இடுப்பில் கட்டியிருந்த அந்தப் பையைத் தராமல், இலைகளை மட்டும் எடுத்துத் தந்தாள்.

மதியம் வெயிலடித்து, கொரோய்கோ போகும் மலைப்பாதை காய்ந்தது. அவன் சாப்பிடப் போனதும், விடியற்காலையில் தானே பிடுங்கிய ஃப்யூஸைப் பையின் அடியிலிருந்து எடுத்து மாட்டினாள் யோலா.

போன வருட மழையில், அந்தப் பாதையில்தான் அவள் தம்பியின் லாரி உருண்டது.

"இப்ப சாவியப் போடுய்யா!" என்று, சாப்பிட்டுத் திரும்பியவனுக்குக் குரல் கொடுத்தாள்.