போன் அவரிடம் இருக்கிறது

ஒண்டிக்கடை முக்கில் நான் நடத்தும் இ-சேவைக் கடையில் சர்வருக்குச் சேரவேண்டிய வசவெல்லாம் எனக்கே வந்து சேரும். அன்றைக்கு மட்டும் திட்டியது நான்.

"பொண்ணோட உதவித்தொகைக்கு இன்னைக்குத்தான் கடைசி நாள், அக்கா. ஓடிபி உங்க ஊட்டுக்காரர் நம்பருக்குப் போவுது. போன் எங்கே?"

"அவருகிட்டதாங்க பாய் இருக்குது" என்றார், எஸ்டேட்டில் காப்பி பறிக்கும் ஈவ்லின். "நம்பரை மாத்த முடியாதுங்களா?"

"அதுக்கும் பழைய நம்பருக்குத்தான் ஓடிபி வரும்!"

நானே கூப்பிட்டுப் பார்த்தேன். சுவிட்ச் ஆஃப். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

"பணம் வரலேன்னா பொண்ணு காலேஜை விட்டு நிக்கணும். மனுஷன் போனை அணைச்சுட்டு எங்கதான் படுத்துக்கிடக்கிறாரு? கொஞ்சமாச்சும் பொறுப்பு வேண்டாமுங்களா?"

ஈவ்லின் சேலைத் தலைப்பைத் திருகினார்.

"சர்ச்சுக்குப் பின்னாலதாங்க. அப்பா நொம்ப ஆசையா வாங்கின போனுன்னு மகதான் சட்டைப்பையில வச்சா. அப்புறந்தான் பெட்டிய மூடுனாங்க."

பெரிய நியாயஸ்தனாட்டம் பேசிய நான் கூசிப்போய்க் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பினேன். திரைக்குத்தான் கூச்சமே இல்லை. சிவப்பு எழுத்தில் சொன்னது:

"கல்வி உதவித்தொகை விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. காரணம்: தந்தையிடமிருந்து பதில் இல்லை."