ஆளில்லாத மைதானம்

கூடாரங்களுக்கு அனுமதி கேட்டு இரண்டு மாதமாக நாயாய் அலைந்த நிவாரண ஒருங்கிணைப்பாளருக்கு, அன்று ராணுவ அதிகாரியே போன் செய்தார்.

"மேடம், உங்க கூடாரமெல்லாம் விட்டாச்சு. சோதனைச் சாவடியில யாரும் மறிக்க மாட்டாங்க."

அவள் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. சண்டைக்குத் தப்பி வந்தவர்கள் ஆற்றங்கரையில் பிள்ளைகுட்டியோடு குளிரில் விறைத்துக் கிடந்தார்கள்.

"ரொம்ப நன்றி சார். இன்னைக்கே ஆத்தங்கரையில அடிச்சிடறோம்."

"அங்க இல்ல. மலைக்கு அந்தப் பக்கம் ஒரு மைதானம் இருக்கு, அங்க. இல்லேன்னா ஒரு லாரியும் நகராது."

துப்பாக்கி வைத்திருப்பவரோடு மல்லுக்கு நிற்க முடியுமா? லாரிகளை அனுப்பி வைத்தாள். மதியம் ஓட்டுநர் கூப்பிட்டார்.

"அக்கா, இங்க ஈ காக்கா இல்ல. ரெண்டு ஆடுதான் மேயுது. அதுங்களுக்கா கூடாரம் அடிக்கிறது?"

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அதிகாரியை அழைத்தாள்.

"சார், அங்க ஆளே இல்லையாமே! குளிர்ல கிடக்கிறவங்களை விட்டுட்டு..."

"வருவாங்க மேடம். நாளைக்கு ராத்திரிக்குள்ள ஐயாயிரம் பேர் வந்துடுவாங்க."

"இப்ப எங்க இருக்காங்க?"

"அவங்கவங்க வீட்லதான். சாப்பிட்டுட்டு இருப்பாங்க."

"எந்த ஊர் சார்?"

"உங்க ஆபீஸ் ஜன்னலைத் திறந்து பாருங்க."

திறந்தாள். கீழே காய்கறிக்காரரிடம் எதிர்வீட்டு அம்மா பேரம் பேசிக்கொண்டிருந்தார். மாடிக் கொடிகளில் துணி காய்ந்துகொண்டிருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பள்ளியிலிருந்து வந்த அவளுடைய மகள், அம்மாவை ஜன்னலில் கண்டதும் துள்ளிக் கையசைத்தாள்.